பம்பை நகர்த்தினால் நகர்ந்த குரல்

1968 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை எட்டரைக்குச் சானமாவு மேட்டிலிருந்த ரிசீவர் கொட்டகையைத் திறந்தேன். வெப்பநிலையும் வோல்டேஜும் குறித்தேன். ஒன்பதுக்கு, மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பாராமெட்ரிக் ஆம்ப்ளிஃபயரின் பம்பை, அதாவது அதற்குச் சக்தி ஊட்டும் அலையை, ஆன் செய்தேன். வெளியே பனிமூட்டம் விலகவில்லை.

கிருஷ்ணகிரி மலையில் டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொண்டவர் அருளப்பன். நான் போனில் சொல்லச் சொல்ல அவர் அலைவரிசையை ஏற்றி இறக்க வேண்டும். மூன்று நாளாக அவர் நேர்மாறாகச் செய்வதாக என் பதிவேடு காட்டியது. அடித்தல் திருத்தல் இல்லாத பக்கங்கள். அவற்றைப் பார்த்த ஓசூர் இன்ஜினியர் முந்தின நாள் சொல்லிவிட்டார்: "எறக்குன்னா ஏத்தறான், ஏத்துன்னா எறக்கறான். குடிச்சிட்டு வரானா? புதன்கெழம பத்து மணிக்கு டிஸ்மிஸ் ஆர்டர்ல கையெழுத்து. வூட்டுக்குப் போகட்டும்."

"மாதா சத்தியமா எறக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றார் அருளப்பன் போனில். என் டயலில் ஏறியது.

"டெஸ்ட் டோனை நிறுத்துங்க. மைக்குல ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க" என்றேன்.

போனில் அவர் எண்ணினார். ஸ்பீக்கரில் வேறொன்று எண்ணியது. அவர் நிறுத்தினால் நிறுத்தியது, இருமினால் இருமியது. அடிக்குரல் கீச்சென்றும், கீச்சொலி உறுமலாகவும் வந்தன.

காவலாளி முனியப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "தமிழு, கன்னடம், தெலுங்கு மூணும் எனக்கு வரும் சாமி. இது மூணுமில்ல. ஆனை வந்தா நிப்பேன். இதுக்கு நிக்கமாட்டேன்."

கோளாறு என் பக்கத்திலா என்று பார்க்க நினைத்தேன். பம்பின் அலைவரிசையை மயிரிழை ஏற்றினேன். கிருஷ்ணகிரியில் யாரும் எதையும் தொடவில்லை. குரல் நகர்ந்தது.

உண்மையான சிக்னல் அப்படி நகராது. சிக்னலின் ஒரு பங்கு பம்போடு கலந்து சிதறி, எதிர்ப்பக்கத்தில் ஐட்லர் என்ற துணை அலையை எழுப்பும். சிக்னல் ஏறினால் அது இறங்கும். குரலும் தலைகீழாகும். மூன்று நாளும் நான் அதைத்தான் அளந்திருந்தேன்.

டயலை மறுபக்கம் திருப்பினேன். அங்கே அருளப்பன் தன் சொந்தக் குரலில், "முப்பத்தேழு, முப்பத்தெட்டு" என்று களைத்துப்போய் எண்ணிக்கொண்டிருந்தார். பம்பை இன்னும் நகர்த்தி, ஐட்லரை ஃபில்டருக்கு வெளியே தள்ளினேன். அது எண்ணுவதை நிறுத்தவில்லை. எனக்குக் கேட்காத இடத்துக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

"சார், போதுங்களா?"

"போதும் அருளப்பன். தப்பு உங்க மேல இல்ல."

இந்த வேலைக்கு வருகிறவர்களே, எந்த அளவையும் பதியும் முன் பம்பை ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.

புதன்கிழமை முதல் வேலையாக, ஓசூர் அலுவலகத்தில் இன்ஜினியரின் மேசைமேல் பதிவேட்டை விரித்தேன். மூன்று நாள் பக்கங்களையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, "ஆபரேட்டர் செய்தது சரி. பிழை என் அளவில்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதைப் படித்த பிறகு, ஆர்டரில் கையெழுத்திடாமலே அவர் பேனாவை மூடினார்.