ஞாயிறுக்கு ஒரு சாண்

சுங்குவார்சத்திரத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனி லைனில் இன்று காலை ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் புகை மூக்கில் ஏறியதும் அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

பாலிடெக்னிக் படிக்கும்போதே ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவள் அக்கா. தூரத்து ஊர்க்காரர்களோடு பேசுவதற்காக, மொட்டைமாடியிலிருந்து வேப்பமரம் வரை நாற்பது மீட்டர் செம்புக் கம்பியை ஆன்டெனாவாகக் கட்டினாள். அவள் மைக்கை அழுத்தினால் எங்கள் டிவியில் கோடு கோடாக ஓடும். ஒருநாள் கிரிக்கெட்டின் கடைசி ஓவரே அப்படிப் போனது. ஆத்திரத்தில் மாடிக்கு ஓடினேன். கம்பியும் ரேடியோவிலிருந்து வரும் கேபிளும் சேரும் இடத்தில் கறுப்பு டேப்பைப் பிரித்து, அவள் வைத்த சால்டரைப் பெயர்த்துவிட்டு, டேப்பைப் பழையபடியே சுற்றிவைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் எவ்வளவு கூப்பிட்டும் யாரும் பதில் பேசவில்லை.

"ஜாயின்ட் நான் போட்டது, நல்லாத்தான் கீது. நீளந்தான்டா தப்பு" என்றாள்.

ஞாயிறுதோறும் கம்பியை இறக்கி ஒரு சாண் நறுக்குவாள். மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். கடைசியில் கம்பியைச் சுருட்டி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டாள். பிறகு அதைத் தொடவேயில்லை.

இன்றாவது சொல்லிவிடலாம் என்று ஷிஃப்ட் முடிந்ததும் பென்னலூரில் அவள் வீட்டுக்குப் போனேன். நான் வாயெடுப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"எம் பொண்ணு எலக்ட்ரானிக்ஸ் படிக்கணுமாம். வேணாம்னு சொல்லிட்டேன். எனக்கே வரல, அவளுக்கு எங்கடா வரும்? நீதான் கூடவே நின்னு பாத்தியே!"

"ஆமாக்கா" என்றேன்.