தங்கை கடைக்கு ஒரு கண்ணாடி

என் தங்கைக்கு நாற்பத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் இன்னும் அவள் பொடிசுதான். பெரிய அழகு நிலையம் ஒன்றில் பதினாறு வருடம் பெண்களுக்கு முடி வெட்டினாள். போன மாதம் அந்த வேலையை விட்டுவிட்டு, தன் வீட்டு முன்னறையிலேயே கடை போட முடிவு செய்தாள். நாற்காலி வந்துவிட்டது, தண்ணீர்க் குழாயும் இழுத்தாயிற்று. கண்ணாடிதான் பாக்கி.

பழைய வீடுகளை இடித்து எடுத்த சாமான்கள் விற்கும் இடத்திலிருந்து, மரச்சட்டம் போட்ட கண்ணாடி ஒன்றைத் தூக்கி வந்தாள். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. சட்டம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. மேலே நீலப் பெயிண்ட், அடியில் வெள்ளை, அதற்கும் அடியில் சாக்லேட் நிறம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருந்தவர் ஒரு கணக்கு டீச்சர். பழைய இடத்தில் இவளிடம் மட்டுமே தலையைக் கொடுத்தவர். ஒருமுறை வந்து பார்க்கிறேன், பிடித்திருந்தால் ஸ்டாஃப் ரூமில் இருக்கிற பன்னிரண்டு பேரிடமும் சொல்கிறேன் என்றிருந்தார். பிடிக்காவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, பொடிசும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஆரம்பித்தோம். பின்பலகையில் இருந்த துருப்பிடித்த ஆணிகள் பதினெட்டையும் நான் பிடுங்கி ஒரு டப்பா மூடியில் போட்டேன். கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பெயிண்டை இளக்கும் மருந்தைப் பொடிசு, தலைக்கு டை பூசும் பிரஷ்ஷால் பூசினாள். மூலைகளில் இருந்த பூ வேலைப்பாட்டில் சிக்கியதை வால் சீப்பின் முனையால் நோண்டி எடுத்தாள். செவ்வாய் சாயங்காலம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது தேன் நிறத்தில் மரம் வெளியே வந்தது. பொடிசு விசில் அடித்தாள்.

புதன்கிழமை வார்னிஷ் ஒரு கோட். வியாழன் காலை இன்னொரு கோட். அடுத்த நாள் வரை தொடக்கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. அதை நான் இரண்டு தரம் வாசித்துக் காட்டிவிட்டு, சுவர்க் கொக்கி வாங்கப் போனேன். ஈரமாக எதைக் கண்டாலும் பொடிசின் கை ஹேர் டிரையரைத்தான் தேடும். சூட்டை முழுசாக வைத்து நான்கு பக்கமும் காட்டியிருக்கிறாள். நான் திரும்பியபோது சட்டம் முழுக்கக் கடுகு கடுகாகக் கொப்புளம்.

"சீக்கிரம் காயும்னு நெனச்சேண்ணா."

"இது தலைமுடி இல்ல பொடிசு."

"அதான் இப்போ தெரியுதே."

அந்தக் கோட்டை முழுசாகத் தேய்த்து எடுத்தோம். என் மனைவி எட்டிப் பார்த்து, நல்லவேளை ஷாம்பு போடவில்லை என்று நாத்தனாரைச் சீண்டிவிட்டுப் போனாள். புதுக் கோட் அடித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. டிரையரை என் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குச் சட்டத்தின் பின்பக்கம் விரல் வைத்துப் பார்த்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. பரவாயில்லை, மாட்டிவிடலாம் என்றாள் பொடிசு. அழுத்தி ஆணி அடித்தால் கைத்தடம் எல்லாம் பதிந்துவிடும், முடியாது என்றேன். அவள் முகம் சின்னதாகிவிட்டது. கண்ணாடியே இல்லாத கடையைப் பார்த்தால் டீச்சர் மறுபடி எதற்கு வருவார்?

வெறும் கண்ணாடியைக் கட்டிலடியிலிருந்து எடுத்தேன். ஓரங்களில் துண்டைச் சுற்றினேன். சுவரில் சாய்த்தால் கூரைதான் தெரிந்தது. அதனால் மேஜைமேல் நிமிர்த்தி வைத்து, பின்னால் நின்று நானே பிடித்துக்கொண்டேன். தலை மட்டும் மேலே தெரியும்.

டீச்சர் பத்துக்கு வந்தார். உட்கார்ந்தார். கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மீசை வெச்ச ஃபிரேம இப்பதான்மா பாக்குறேன்."

பொடிசுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான்.

"அண்ணா, ஆடாதே. டீச்சர் தலை ரெண்டா தெரியுது."

முக்கால் மணி நேரம் நின்றேன். பெண்கள் போகிற கடை என்பதால் இத்தனை வருடத்தில் அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. அன்று நேர் எதிரே நின்று பார்த்தேன். முடியை இரண்டு விரலில் தூக்குவாள், கண்ணால் அளப்பாள், ஒரே வெட்டு. இரண்டு பக்கமும் ஒரு நூல்கூடக் கூடுதல் குறைச்சல் இல்லை. கிடங்கில் முப்பது வருடம் சரக்கு சரிபார்த்தவன் சொல்கிறேன்.

டீச்சர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நாளைக்கே இரண்டு பேரை அனுப்புவதாகச் சொன்னார். போகிற வழியில் சுவரோரம் நின்ற சட்டத்தைக் கண்டு, நல்ல மரம் என்று ஒரு விரலால் தொட்டார். விரல் ஒட்டித்தான் பிரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டினோம். வலது பக்க ஓரத்தில் அந்த விரல்தடம் ரேகையோடு அப்படியே இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, உப்புத்தாளை எடுத்தேன். பொடிசு என் கையைத் தட்டிவிட்டாள்.

"அதத் தொடாதே. டீச்சர் போட்ட அட்டெண்டன்ஸ் அது."