வீமனுக்கு வந்த சம்பந்தம்

வீமனைப் பதிவு செய்ய இன்று காலை பிரதேச சபைக்குக் கூட்டிப்போனேன். ஒன்பது மாத வேட்டை நாய். பூட்டன் பூட்டி வரை பெயர் எழுதிய வம்சாவளிப் பத்திரமும் கையில்.

வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்த தெல்லிப்பழை அண்ணை ஒருவரும் அதே இனத்துப் பெட்டை நாயோடு வந்திருந்தார். என் பத்திரத்தை வாங்கி, சாதகம் பார்ப்பதுபோல் விரல் வைத்துப் படித்தார். முகம் மலர்ந்தது.

“தம்பி, உங்கடை நாயின்ரை தாயும் என்ரை நாயின்ரை தகப்பனும் கூடப் பிறந்ததுகள். அப்ப மச்சான் மச்சாள் முறைதானே!”

எனக்கும் கலியாணக் களை வந்துவிட்டது.

“மாப்பிள்ளை வேட்டையிலை எப்பிடி?”

“பரம்பரைத் தொழில் அண்ணை. பயம் எண்டால் என்னவெண்டே தெரியாது.”

அந்த நேரம் பார்த்து வாசலால் ஒரு கோழி உள்ளே வந்தது. வீமன் ஊளையிட்டபடி வாங்குக்குக் கீழே புகுந்து என் காலைக் கட்டிக்கொண்டான். கோழி நின்று அவனை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது.

அண்ணை பத்திரத்தை மடித்துத் தந்தார்.

“வீட்டிலை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்.”

சொல்வதற்கு என் நம்பரைக்கூடக் கேட்கவில்லை.

இப்படிச் சொல்லிப் போனவர்கள் திரும்பி வந்த கதை யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். வீமனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.