அப்பாவை அப்பா என்று எழுதக்கூடாது

"புத்திக்கே டியூஷன் வச்சாச்சு. இனி மூச்சு விடறதுக்கும் வைப்பா."

கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது இது. என்னைப் பற்றிச் சொல்லவில்லை. இருந்தாலும் கையில் இருந்த 'மனத்திறன் பயிற்சி' புத்தகத்தின் அட்டையை உட்பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.

வீடுவீடாகப் போய்ப் பாடம் சொல்லித்தருவது வாய் உள்ளவர்களுக்கான தொழில். எனக்கு வாய் குறைவு. புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, எழுதிய அரசுத் தேர்வுகளின் முடிவுக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் இதில் வந்து மாட்டிக்கொண்டேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கணக்கில் பிள்ளை தப்பான விடை சொன்னால் திருத்திவிட்டு மேலே போகலாம். மனத்திறனில் தப்பான விடை சொன்னால் "ஏன்?" என்று மட்டும் கேட்கக்கூடாது. நான் கேட்டேன்.

சேனை

ஹரிணி ஏழாம் வகுப்பு. ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்தில் வீடு. வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது. எட்டாம் வகுப்பில் சேர மனத்திறன் தேர்வு எழுத வேண்டும். அதற்குத்தான் நான். வலியசாலையிலிருந்து தினமும் சாயங்காலம் போவேன். மலையாள ஊர் என்பதால் ஹரிணிக்கு நான் அக்கா இல்லை, சேச்சி.

முதல் நாள், கூட்டத்தில் சேராததைக் கண்டுபிடிக்கும் கேள்விகள் கொடுத்தேன். உருளைக்கிழங்கு, கேரட், முட்டைகோஸ், சேனை. மற்றவை மண்ணுக்குள் விளைவதால் முட்டைகோஸ்தான் விடை. ஹரிணி யோசிக்கவே இல்லை. சேனையைச் சுற்றி வட்டம் போட்டாள். ஏன் என்று கேட்டேன். "மத்த மூணும் திவசத்துக்கு ஆகாது சேச்சி, சேனை மட்டும்தான் ஆகும்" என்றாள்.

நியாயத்தில் ஒரு ஓட்டை இல்லை. விடைப்பக்கத்தைத் திறந்து காட்டினேன். காப்பி கொண்டுவந்த அவள் அம்மா லலிதா மாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வியை ஒரு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, என்மேல் தப்பில்லை என்பதுபோல மெதுவாகச் சொன்னார்: "இதுகூடத் தெரியாதவனையா கேள்வி எழுத விட்டா?"

சனி

ஹரிணியின் அப்பா சேது மாமா சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறவர். நான் போகும் நேரத்தில் திரும்பி வந்து, பக்கத்து அறையில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். முதல் இரண்டு வாரம் அவருடைய விரல்களைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை.

பன்னிரண்டு வயசுப் பெண்ணை வெளியூரில் விடுவதில் அவருக்குச் சம்மதமே இல்லை என்று மாமி சொன்னார். பெண் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பிறகு, ஒரே ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும், கிடைக்காவிட்டால் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக்கூடாது என்று முடித்துவிட்டாராம். அந்தப் பள்ளியில் என்னதான் இருக்கிறது என்று ஹரிணியிடம் கேட்டேன். அங்கே பிள்ளைகளே தொலைநோக்கியில் சனிக்கிரகத்தைப் பார்க்கிறார்களாம். வளையத்தோடு தெரியுமாம். அதை அவள் சொன்னபோது கண் இவ்வளவு பெரிதாயிற்று.

பேப்பருக்குப் பின்னாலிருந்து முதல்முறையாக ஒரு குரல் வந்தது. "நாம சனியைப் பார்க்க வேண்டாம். அது நம்மைப் பார்க்காம இருந்தாப் போறும்."

செவ்வாய்

அக்கிரகாரத்து வீடுகளில் பாடம் நடத்தியவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். வீட்டுக்கு வீடு ஒரே சுவர், தெருக்கோடிவரை ஒரே ஓட்டுக்கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம். இந்த முற்றத்தில் தும்மினால் அடுத்த முற்றத்தில் 'நூறு வயசு' என்பார்கள்.

அன்று மாதிரித் தேர்வு. வாய் திறக்கக்கூடாது என்று ஹரிணியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கேள்வியை நானே வாசித்தேன். ஒரு மாதத்தில் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை என்றால் இருபத்தொன்றாம் தேதி என்ன கிழமை? ஹரிணி விரல்களை மடக்க ஆரம்பித்தாள். வானத்திலிருந்து விடை வந்தது. அடுத்த வீட்டுச் சாரதா மாமி, அந்தப் பக்கத்து முற்றத்தில் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னது:

"செவ்வாய்டீ, ஹரிணி. செவ்வாய்க்கிழமையில எதையும் ஆரம்பிக்காதே, கேட்டியா."

மணியும் ராதாவும்

அதன் பிறகு உறவுமுறைக் கேள்விகளுக்கு வந்தோம். ராதாவின் அம்மாவுக்கு மணி தாய்மாமன். அப்படியானால் ராதாவுக்கு மணி யார்? நான்கு விடைகள். தாத்தா முறை என்பதுதான் சரி. ஹரிணி 'அப்பா' என்று குறித்தாள்.

இந்தத் தடவை நான் "ஏன்?" என்று கேட்கவில்லை. அவசரத்தில் குறித்துவிட்டாள் என்று நினைத்து, இதே மாதிரி இன்னொரு கேள்வி கொடுத்தேன். அதற்கும் அப்பா. மூன்றாவது கேள்விக்கும் அப்பா. பயந்துபோய் மாமியைக் கூப்பிட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே போட்டிருக்கா?" என்றார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சேது மாமா லலிதா மாமிக்குச் சொந்தத் தாய்மாமன். மாமியின் அம்மாவுடைய கடைசித் தம்பி. "கல்யாணத்துக்கு முன்னாடியும் மாமான்னுதான் கூப்பிட்டேன், இப்பவும் அப்படித்தான் கூப்பிடறேன். இதுல குழப்பம் எங்கே வரது?" என்றார் மாமி. நான் திண்டாடிப்போனேன். எங்கள் குடும்பத்திலும் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணங்கள் உண்டு. ஆனால் ஒரு விடைப்பக்கம் பொய்யாகிப் போவதை நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல்தடவை.

கேள்வி எழுதியவருக்கு நம் வீடு தெரியாது, அதனால் தேர்வு எழுதும் நேரத்தில் மட்டும் நம் வீட்டை மறந்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். சேனையை மறக்க வேண்டும், மாமாவை மறக்க வேண்டும். பக்கத்து அறையில் பேப்பர் மடங்குகிற சத்தம் கேட்டது. சேது மாமா எழுந்து வெளியே போனார். ஹரிணி அவர் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"அப்போ பரீட்சையில அப்பாவை அப்பான்னு எழுதப்படாதா, சேச்சி?"

பரஸ்தானம்

தேர்வு ஒரு சனிக்கிழமை. தம்பானூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் போட்டிருந்தார்கள். பத்து மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். துணைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார் மாமி. எட்டரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டோ வாசலில் நின்றது. எல்லாரும் தெருவில் நின்றார்கள். யாரும் ஆட்டோவைப் பார்க்கவில்லை. சாரதா மாமி வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று ஹரிணிக்குச் சந்திராஷ்டமம். நாள் சரியில்லை என்றால் முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, கொண்டுபோக வேண்டிய பையை அடுத்த வீட்டில் வைத்துவிடுவது இவர்கள் வழக்கம். பரஸ்தானம் என்பார்கள். பயணம் நேற்றே ஆரம்பித்துவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் பையை வாங்கிக்கொண்டு போனால் போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேது மாமாதான் பஞ்சாங்கம் பார்த்துப் பையைக் கொண்டுபோய்ச் சாரதா மாமி வீட்டில் வைத்தாராம். பென்சில், தண்ணீர், தலைமையாசிரியை கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஹால் டிக்கெட், எல்லாம் அதற்குள். விடியற்காலை நாகர்கோவிலில் சாரதா மாமியின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது என்று போன் வந்திருக்கிறது. அவரும் அவர் வீட்டுக்காரரும் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் இவர்களுக்கே தெரியும். லலிதா மாமி சாரதா மாமிக்குப் போன் போட்டார். பூட்டிய வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது.

முத்திரை போட்ட அசல் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தலைமையாசிரியை எங்கே இருப்பார், பூட்டுத் திறக்கிற ஆள் எங்கே கிடைப்பான் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஹரிணி அழாமல், கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள்:

"அப்பா வேணும்னுதான் வச்சா. நான் போகப்படாதுன்னு."

மாமி அவள் வாயைப் பொத்தப் போனார். சேது மாமா பெண்ணைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

பின்னாலேயே ஓடினோம். முற்றத்தில் சட்டையைக் கழற்றித் தூணில் மாட்டியிருந்தார். வேஷ்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கால் வைத்து, தூணைக் கட்டிப்பிடித்து ஓட்டின்மேல் ஏறினார். ஓடு ஒன்று உடைந்து முற்றத்தில் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. "மாமா, வேண்டாம்" என்று லலிதா மாமி கீழிருந்து கத்தினார். அவர் கூரைமேல் குந்தியபடியே நகர்ந்து அந்தப் பக்கம் மறைந்தார். தொப்பென்று ஒரு சத்தம். உள்ளே அவர் பையைத் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு சுவருக்கு மேலே வானத்தில் நீலப்பை ஒன்று வந்தது. ஹரிணி அதை இரண்டு கையாலும் பிடித்தாள்.

வந்த வழியாகவே அவரும் திரும்பி இறங்கினார். முழங்கையில் ரத்தம், மார்பெல்லாம் பாசி. மாமி கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது தாண்டியிருந்தது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம். அந்த நேரத்தில் இந்த வீட்டில் பால் வாங்கக்கூட யாரும் படி இறங்கிப் பார்த்ததில்லை. மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

சேது மாமா தூணிலிருந்து சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் வாசற்படி இறங்கிப் போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.