வலைக்காரர் கட்டிய கொண்டை

முற்றத்தில் என் கணவர் காயப்போட்டிருந்த மீன்வலையில் கால் மாட்டி விழுந்ததில்தான் என் வலது தோள்மூட்டு நொறுங்கியது. அதை எடுத்துவிட்டு உலோக மூட்டு ஒன்றை வைத்தார்கள். நோவு குறைந்தது; ஆனால் கை நெஞ்சுக்கு மேல் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. சோறு பிசையலாம், அடுப்பு மூட்டலாம், தலைமுடியை மட்டும் கட்ட முடியாது.

எனக்கோ இடுப்புவரை முடி. வெட்டிவிடச் சொன்ன மச்சாளோடு ஒரு வாரம் நான் பேசவில்லை. வலையை விரித்த குற்றவாளி என் கணவர்தானே, கொண்டை கட்டும் வேலையை அவருக்கே கொடுத்தேன்.

வாவியில் நாற்பது வருஷம் வலையோடு பழகிய கை அது. முடியை முறுக்கி, நுனியை உள்ளே விட்டு ஒரு இழுவை இழுப்பார். எனக்குக் கண்ணீர் வந்துவிடும்.

“மெல்ல இழுங்களன்!”

“ஆடாம இரி புள்ள. முடிச்சு கழரப்படா.”

கழரவே இல்லை. அவிழ்ப்பதற்கும் அவர்தான் வேண்டும். இந்த வயதில் சீப்பைப் பிடித்துக்கொண்டு, அவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை காத்திருப்பது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அழுதும் இருக்கிறேன்.

ஒரு வருஷம் கழித்து டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். வைத்த மூட்டில் பிழையில்லை, சுற்றியுள்ள சதைதான் தழும்பாகி ஒட்டிப்போயிருக்கிறது என்றார்.

“திரும்பப் பெரிசா வெட்டத் தேவையில்லம்மா. சின்ன ஓட்டை மூணு போட்டு, கமராவ விட்டுப் பார்த்து, ஒட்டினதப் பிரிச்சு விடலாம். ஆனா கை முழுக்க உயரும் எண்டு சொல்ல ஏலா.”

“தலைக்கு எட்டினாப் போதும் டொக்டர்.”

ஒப்பரேஷன் அன்று காலை கணவர் வழமையைவிடக் கவனமாகக் கொண்டை கட்டினார். தியேட்டர் வாசலில் தாதி போட வந்த தொப்பிக்குள் அது அடங்கவில்லை. அவிழ்க்கப் பார்த்தாள். இன்னொரு தாதியும் வந்து பார்த்தாள். கடைசியில் கத்தரிக்கோல் என்ற சொல் காதில் விழுந்தது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

“வெளியில என்ட மனுசன் நிக்கிறார், கூப்பிடுங்க. இல்லாட்டி நான் வீட்ட போறன்!”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பதுங்கிப் பதுங்கி வந்து ஒரு நுனியை இழுத்தார். முழுக் கொண்டையும் பொலபொலவென்று விழுந்தது. “வாவியில எந்தக் காத்தடிச்சாலும் கழராது,” என்று தாதிகளிடம் பெருமை வேறு.

காயம் பார்க்க மச்சாள் வந்தாள். மூட்டு வைத்த முதல் தடவை, புண் ஆறட்டும் என்று பால்சுறா மீனும் கோழியுமாக வந்து அழுதவள், மூன்று சின்னப் பிளாஸ்டரைக் கண்டதும் “இவ்வளவுதானா?” என்று முகம் சுருங்கித் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுப் போனாள்.

பிறகு பல வாரங்கள் சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றிப் பயிற்சி செய்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன். ஒருநாள் காலை சீப்பு உச்சந்தலையைத் தொட்டது. முடியை அள்ளிச் சுற்றிக் கொண்டை போட்டேன்.

கணவர் என்னைச் சுற்றிவந்து பார்த்தார்.

“முடிச்சு சரியில்ல. விழப்போகுது.”

விழத்தான் செய்தது. அன்றைக்கு ஏழு தரம் விழுந்தது. ஏழு தரமும் நானே கட்டினேன்.