காலை வெளிச்சத்தில் பார்க்கிறவர்கள்

1982 செப்டம்பர் 9, வியாழக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். கிணற்றில் எட்டு வாளி தண்ணீர் இறைத்தேன். ஐந்து நாற்பதுக்குக் காபி. ஆறு முதல் ஏழு வரை நீர்வண்ணத்தில் ஒரு வேலை: கொட்டகுடி ஆற்றுப் பாலம் மறுபடியும், பாதி முடிந்தது. எட்டு நாற்பதுக்குப் பள்ளிக்கூடம். முதல் பீரியட் ஏழாம் வகுப்பு ‘பி’, மண்பானையும் அதன் நிழலும். மூன்றாவது பீரியட் ஒன்பது ‘ஏ’, எழுத்து வரைதல். மதியம் தயிர்ச்சோறு, நாரத்தங்காய். நாலு இருபதுக்குக் கடைசி மணி.

என் அந்த வருட டைரியில் அன்றைக்கு இதுவரை உள்ளது மற்ற எந்த வியாழக்கிழமைக்கும் பொருந்தும். அதற்கு மேல் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். நான் ஒரு நாளைக்கு ஒரு பக்கத்தைத் தாண்டுகிறவன் இல்லை.

அன்று மாலை ஆறு மணிக்குப் போடி கடைவீதியில் ஓவியக் கண்காட்சி திறப்பு. பெயிண்டும் கண்ணாடியும் விற்கிற கடையின் மாடியில் அதன் முதலாளி ஒரு ஆர்ட் கேலரி ஆரம்பித்திருந்தார். தேனியில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிற கிறிஸ்தவக் குடும்பம். போடிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மெட்ராஸில் இப்படி ஒரு கேலரியைப் பார்த்துவிட்டு வந்து மாடிக்கு வெள்ளையடித்து எட்டு டியூப்லைட் மாட்டினார். “ஏலக்காய்க்காரக எல்லாரும் புது வீடு கட்டுறாக சார். சுவத்துல காலண்டரத் தவிர வேற ஏதாச்சும் தொங்கட்டுமே” என்பார்.

முதல் கண்காட்சிக்கு இரண்டு பேர் படங்கள். ஒருவன் நான். இன்னொருவன் என் நண்பன். ஆண்டிபட்டிக்காரன். மதுரையில் ஓவிய ஆசிரியர் தேர்வுக்கு ஒரே அறையில் தங்கிப் படித்தோம். தேர்வில் நான் முதல் வகுப்பு, அவன் இரண்டாம் வகுப்பு. நான் போடிக்கு டிராயிங் மாஸ்டராக வந்தேன். அவன் மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தான். இருபது வருடத்தில் நான் சேர்த்து வைத்தது நூற்று நாற்பது நீர்வண்ணப் படங்கள், எல்லாவற்றின் பின்னாலும் தேதி, நேரம், வானிலை. அவன் எத்தனை வரைந்தான் என்று அவனுக்கே தெரியாது. கேட்டால் தாடியைச் சொறிவான்.

படம் மாட்டுகிற வேலையை முதலாளி என்னிடம் விட்டார். தரையிலிருந்து படத்தின் நடு வரைக்கும் ஐந்தடி என்று டேப்பால் அளந்து, நூல் கட்டி, ஆணி அடித்தேன். எந்தச் சுவர் யாருக்கு என்பதை மட்டும் அவரே முடிவு செய்திருந்தார். நீளச் சுவர், கிழக்கு ஜன்னல் மூன்றுக்கும் நேர் எதிரே இருப்பது, நண்பனுடைய ஏழு பெரிய கேன்வாஸ்களுக்கு. எனக்கு மாடிப்படி ஏறியதும் வருகிற மூலை, மூன்று படம், அதில் ஒன்று முன்பே வரைந்து முடித்த ஒரு பாலம்.

“உங்க படம் சின்னதா, லட்சணமா இருக்கு சார். ஏறி வர்றவங்களுக்கு ஒரு ஆரம்பமா இருக்கும்” என்றார்.

ஆரம்பம். அந்த வார்த்தையை டைரியில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

ஆறு மணிக்குக் கூட்டம் வந்தது. ஏலக்காய் வியாபாரிகள், இரண்டு டாக்டர்கள், எங்கள் தலைமை ஆசிரியர். காபியும் முறுக்கும் கொடுத்தார்கள். நான் படிப்பக்கம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். என் படங்களின் முன் நின்றவர்கள் பதினொரு பேர். அதில் நாலு பேர் மூச்சு வாங்க நின்றவர்கள். அவர்களைக் கழித்தால் ஏழு. நண்பனின் சுவர் முன் நின்றவர்கள் முப்பத்து நாலு. அவன் படங்களில் பாலமும் இல்லை, மாடும் இல்லை. பட்டைக் கத்தியால் இழுத்த பச்சையும் கறுப்பும் மஞ்சளும் மட்டும்.

“இது என்ன தம்பி, கம்மாயா, வானமா?” என்று ஒரு பெரிய வியாபாரி கேட்டார்.

“நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி” என்றான் அவன்.

“ரெண்டும் இல்ல. மழைக்கு முந்தி மேற்க பாத்தா இப்படித்தான் தெரியும்.”

“அப்ப அதுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குப் பெருமை. என் பாலத்தைப் பார்த்து அவர் சொன்னது, “அச்சு அசல் நம்ம பாலம்.” சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அச்சு அசலாக இருப்பதில் கேட்க என்ன இருக்கிறது?

ஏழரைக்குக் கூட்டம் கலைந்தது. விற்ற படத்தில் ஒட்டுவதற்கென்று முதலாளி சிவப்புக் காகிதத்தில் வட்டங்கள் வெட்டி வைத்திருந்தார். ஒன்றுகூடச் செலவாகவில்லை. வியாபாரிகள் ஒவ்வொருவராக, “காலையில பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்கள். முதலாளி கைகூப்பி வழியனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “நாகரிகமா வேண்டாம்னு சொல்லிட்டுப் போறாக சார்” என்றார்.

அது வேண்டாம் என்பது அல்ல என்று எனக்குத் தெரியும். என் அப்பா இருபத்தாறு வருடம் போடியில் ஒரு ஏலக்காய் மண்டியில் தரம் பிரிக்கிறவராக இருந்தார். பச்சை நிறத்துக்குத்தான் அங்கே மதிப்பு. விளக்கு வெளிச்சத்தில் வெளிறிய காயும் பச்சையாகத் தெரியும், நல்ல காயும் மங்கலாகத் தெரியும். அதனால் எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், ஜன்னல் பக்கம், கறுப்புத் துணியில் கொட்டித்தான் பார்ப்பார்கள். மாலையில் கொண்டுபோனால் காயைத் தொடமாட்டார்கள். “காலையில பாப்போம்” என்பார்கள். சொன்னால் வருவார்கள். கட்டுகிற வேட்டியைக்கூட அப்படித்தான் எடுப்பார்கள். மெட்ராஸ் பழக்கத்தில் மாலை ஆறு மணிக்குத் திறந்ததுதான் தப்பு. தேனிக்காரருக்கு இது தெரியாது. ஆண்டிபட்டிக்காரனுக்கு ஏலக்காய் பாயசத்தில் வருகிற சாமான், அவ்வளவுதான். அந்த மாடியில் இது தெரிந்தவன் நான் ஒருவன்.

நண்பன் ஏணியை இழுத்துப் போட்டான்.

“என்னடா பண்ற?” என்றேன்.

“இறக்குறேன். சிவகாசியில காலண்டர் ஆபீஸ்ல வேலைக்குக் கூப்பிட்டுருக்காக. இங்கன ஒண்ணாவது வெல போனா வரமாட்டேன்னு எழுதலாம்னு இருந்தேன். ஒண்ணும் போகல. காலையில அஞ்சு அம்பதுக்கு மதுரை பஸ்ஸு, அங்கேருந்து சிவகாசி.”

“காலண்டரா?”

“ஆமா மாப்ள. லட்சுமி, சரசுவதி, ரோசாப்பூ. இந்தக் கத்தியக் கொண்டு வெண்ணெய் தடவ வேண்டியதுதான்.”

முதலாளி, “பத்து நாள் வெக்கிறதா பேச்சு தம்பி” என்று இரண்டு முறை சொன்னார். “பத்து நாளும் முறுக்குத்தான் செலவாகும்” என்றான் அவன். அவன் சிரித்துக்கொண்டே ஆணியிலிருந்து கம்பியை எடுத்தான். அவனுக்கு நாற்பத்தொரு வயது. இந்தப் படங்கள் பஸ் ஏறினால் இனி அவன் வேறு யாரோ சொல்கிற படத்தைத்தான் போடுவான். ‘காலையில் வருவார்கள், இரு’ என்ற மூன்று வார்த்தை போதும். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

படங்களை முகத்தோடு முகம் வைத்துச் சணல் கயிற்றால் கட்டினோம். முடிச்சுகளை நான்தான் போட்டேன். அவன் முடிச்சு நிற்காது. நாலாவது படத்தைத் தூக்கும்போது அது என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அதில் கீழ்ப்பகுதி முழுதும் ஒரு பச்சை. மலையில் ஸ்டோர் என்கிற சூட்டுக் கொட்டகையில் உலர்த்திய ஏலக்காய் மூட்டை பிரித்த அன்று மட்டும் இருக்கிற பச்சை. 1971 முதல் அந்தப் பச்சைக்கு முயன்று இருபத்து மூன்று கலவைகள் தனி நோட்டில் குறித்திருக்கிறேன், எத்தனை சொட்டு நீலம், எத்தனை மஞ்சள் என்று. ஒன்றும் வரவில்லை. ஏலக்காயை அறியாதவன் கத்தியால் ஒரு இழுப்பில் இழுத்து வைத்திருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, விலாவுக்குக் கீழே வலது பக்கம், வீடு போய்ச் சேர்கிற வரைக்கும் இருந்தது.

கிளம்பும்போது முதலாளி காலிச் சுவரைப் பார்த்தார். “உங்க படத்த அங்கன மாத்திரலாமா சார்?”

“மாத்திரலாம்” என்றேன். யோசிக்காமல் வந்த பதில்.

வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு டைரி எழுத உட்கார்ந்தேன். பதினொன்று, முப்பத்து நாலு எல்லாம் எழுதினேன். ‘காலையில பாப்போம்’ என்று சொன்னவர்கள் ஒன்பது பேர் என்பதையும் எழுதினேன். அடுத்து, வெள்ளிக்கிழமை செய்யவேண்டியவை: ஏழு மணிக்குக் கேலரி, மூன்று படங்களையும் ஜன்னல் எதிரே மாட்டுவது. ஒன்பது பேரில் மூன்று பேர் வாங்கினாலே என் படங்கள் தீர்ந்துவிடும். நாளைக்கான குறிப்பை இப்போதே எழுதிப் பார்த்தேன்: ‘மூன்றும் விற்றன.’ அதற்குப் பக்கத்தில் என்ன குறிப்பது? ‘சுவரில் வேறு படம் இல்லை’ என்று எழுதாவிட்டால் டைரி பொய். எழுதினால் அந்த விற்பனைக்கு அர்த்தம் இல்லை. அந்த வியாபாரி நல்ல வெளிச்சத்தில் அவன் பச்சையையும் என் பாலத்தையும் அடுத்தடுத்துப் பார்த்து, என் பாலத்தைக் கேட்கவேண்டும். அதுதான் எனக்கு வேண்டியது. அவன் சிவகாசியில் ரோசாப்பூ போட்டுக்கொண்டிருந்தால் நான் சாகிற வரைக்கும் எனக்கு விடை கிடைக்காது. இதை இரக்கம் என்று யாராவது நினைத்தால் அந்த நாலு பக்கத்தைக் காட்டத் தயார்.

செப்டம்பர் 10, வெள்ளிக்கிழமை. நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். தண்ணீர் இறைக்கவில்லை, காபி குடிக்கவில்லை. முதல் வேலையாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஐந்து முப்பத்தெட்டு. மதுரை பஸ் என்ஜினை ஓடவிட்டு நின்றது. கட்டுகள் மேலே ஏறிவிட்டிருந்தன. அவன் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“படத்த இறக்கு” என்றேன். “எட்டு மணிக்கு ஏலக்காய்க்காரக வருவாக. அவுக விளக்கு வெளிச்சத்துல நிறம் பாக்கமாட்டாக. பகல்லதான் எதையும் எடுப்பாக.”

“யார் சொன்னா?”

“எங்கப்பா மண்டியில இருந்தவரு. எனக்குத் தெரியும்.”

“எப்பலேருந்து தெரியும்?”

“சின்னப்பிள்ளையிலேருந்து.”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “அப்ப நேத்து ஏணியப் பிடிச்சப்ப?”

“அப்பவும் தெரியும்.”

“சண்டாளப் பாவி. ஏண்டா சொல்லல?”

“உனக்கு நீளச் சுவரு, எனக்கு மாடிப்படி.”

அவன் என்னை அடிப்பான் என்றுதான் நினைத்தேன். கண்டக்டர் படியில் நின்று விசிலை வாயிலிருந்து எடுத்தார். “ஏறுறீகளா, இறக்குறீகளா? சட்டுபுட்டுனு சொல்லுங்கய்யா.”

நண்பன் மேலே இருந்த கட்டுகளை நிமிர்ந்து பார்த்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, பஸ்ஸின் பின்னால் இருந்த ஏணியில் ஏறிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன்.