நடுவில் ஒரு பூஜ்யம்

என் கணவர் டுவைட் ஹாஸ்டெட்லர் யாரையும் அடித்ததில்லை, சத்தம் போட்டதில்லை. பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். அவருடைய தம்பி லைல் எண்பத்து மூன்றில் இவரிடம் இரவலாக வாங்கிய டிரெய்லரின் அச்சை வளைத்துவிட்டு, "முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு" என்று சொன்னான். அன்று நின்ற பேச்சு இருபத்தாறு வருடமாக நின்றே இருந்தது. நன்றித் திருநாள் விருந்தில் இருவரும் ஒரே மேசையில்தான் உட்காருவார்கள். "ஆர்லீன், அவன்கிட்ட அந்த உருளைக்கிழங்கக் கேளு" என்பார் இவர். நான் கேட்டு வாங்கித் தருவேன்.

எனக்கு இவரை விட்டால் பேச ஆளில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்க மாட்டேன். அதனால் அந்த மேசையில் லைலின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். ஒருநாள் அந்த நாற்காலி என்னுடையதாகிவிட்டால்?

டுவைட் முப்பது வருடம் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். தொண்ணூற்று நான்கில் ஒரு பழைய செவெல் காரை வாங்கி, ஒவ்வொரு சாமானாகத் தேடிச் சேர்த்தார். அறுபத்தொன்பது நவம்பர் இரண்டாம் வாரம் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த வண்டி அது. அதன் என்ஜின் மேல் இருக்கும் கார்புரேட்டர் அதற்குச் சில வாரம் முந்தியதாக இருந்தால்தான் 'சொந்தச் சாமான்' என்று பழைய கார்ப் பிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள். தேதி அதன் நெற்றியில் மூன்று எழுத்தாகக் குத்தியிருக்கும். வாங்கும்போது வண்டியில் இருந்ததில் 901 என்று இருந்தது.

"தொண்ணூறு, ஜனவரி. பின்னாடி எவனோ மாத்திப் போட்ட சாமான்" என்று சொல்லி அதைக் கழற்றிக் கொட்டகை மூலையில் எறிந்தார். பதினைந்து வருடம் அங்கேயே எலிப்புழுக்கை மூடிக் கிடந்தது. போன வசந்தத்தில் தேவாலயத்தின் பழைய சாமான் விற்பனைக்குப் பெட்டி கட்டும்போது அதையும் போட்டுவிட்டேன். இவரைக் கேட்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஓட்டிப் பழைய கார்ச் சாமான் சந்தைக்குப் போனோம். மெர்ல் கான்ட்ஸ் என்ற கிழவர், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க, மேசை நிறைய கார்புரேட்டர் பரப்பி உட்கார்ந்திருந்தார். நான் காபிக் குடுவையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

"என்ன டுவைட், இன்னும் கிடைக்கலையா? இதுக்குள்ள இன்னொரு பொண்டாட்டியே தேடியிருக்கலாம்."

"ஒண்ணு இருந்துச்சு. 901. தொண்ணூறாம் வருஷத்துச் சாமான்."

கிழவர் கண்ணாடியைக் கீழே விட்டார். "யார்ரா சொன்னது? முதல் எழுத்து மட்டுந்தான் வருஷம். ஒம்போதுன்னா அறுபத்தொம்போது. நடுவுல இருக்கறது மாசம். பத்தாம் மாசத்தை ஒரே எழுத்துல எப்படிப் போடுவான்? பூஜ்யம் போட்டுட்டான். நவம்பருக்கு ஏ, டிசம்பருக்கு பி. கடைசியில இருக்கறது வாரம். உன்னோடது அக்டோபர் முதல் வாரம், மடையா! கையில வச்சுக்கிட்டா ஊரெல்லாம் சுத்தினே?"

டுவைட் விழுந்து விழுந்து சிரித்தார். நான் காபிக் குடுவையின் மூடியைத் திரும்பத் திரும்ப இறுக்கினேன்.

திரும்பும் வழியில் ஸ்டியரிங்கில் தாளம் தட்டிக்கொண்டே வந்தார். "போனதும் நேரா கொட்டகைதான்" என்றார். இரண்டு பக்கமும் சோளம் ஓடியது. ஒவ்வொரு மைல்கல்லுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். தானியக் கிடங்கின் கோபுரம் தெரிந்தபோதுதான் வாய் திறந்தது.

"அது கொட்டகையில இல்ல, டுவைட். தேவாலய விற்பனைக்குக் குடுத்துட்டேன்."

தாளம் நின்றது. வண்டி அதே வேகத்தில் போனது. அவர் என்னைப் பார்க்கவில்லை. இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி விரல் நுனி வெளுத்துவிட்டது.

வெகு நேரம் கழித்து, சாலையைப் பார்த்தே கேட்டார். "யார் வாங்கினா?"

அதுவும் எனக்குத் தெரியும். விற்பனையில் பணப்பெட்டியைப் பார்த்துக்கொண்ட ஃபில்லிஸ் சொல்லியிருந்தாள். "லைல்" என்றேன்.

எங்கள் வீட்டுத் திருப்பம் வந்தது. வண்டி திரும்பவில்லை.

லைலின் வாசலில் நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. "நீ போய்க் கேளு" என்றார்.

என் கை கதவுப் பிடிவரை போய்விட்டது. இப்போது போனால் இனி எல்லாவற்றுக்கும் இப்படித்தான். நாளை என்னோடும் பேச்சை நிறுத்தினால் எனக்கும் அவருக்கும் நடுவே யார் போவார்கள்?

"நான் போகல" என்றேன். "நீயே கேளு."

அதற்குள் லைல் துடைப்புத் துணியோடு வெளியே வந்துவிட்டான். என் பக்கத்து ஜன்னலில் குனிந்தான். "என்ன ஆர்லீன், யார் செத்தா? எதுக்கு வந்திருக்கான்னு அவன்கிட்ட கேளு."

நான் மடியைப் பார்த்தபடி இருந்தேன். என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"லைல்," என்றார் டுவைட். "அந்தக் கார்புரேட்டர் இருக்கா?"

லைல் நிமிர்ந்தான். முகம் கோணிக்கொண்டது. "கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன். உன் கொட்டகைச் சாமான்னு பார்த்ததுமே தெரிஞ்சுச்சு. நீ கேட்டு வருவேன்னு இருந்தேன். இவ்வளவு நாளாவும்னு நெனைக்கல."

அழுக்கோடு அதைக் கொண்டுவந்து என் மடியிலேயே வைத்தான். கனம் தொடையை அழுத்தியது. டுவைட் எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் அதன் நெற்றியைத் தேய்த்தார். படிக்கும் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், தெரியவில்லை. லைல் பக்கம் திரும்புவார் என்றுதான் நினைத்தேன்.

"படி, ஆர்லீன்" என்றார்.

"ஒம்போது. பூஜ்யம். ஒண்ணு."

"எந்த மாசம்?"

"அக்டோபர்" என்றேன். விரலில் சுற்றியிருந்த கைப்பை வாரை அப்புறந்தான் அவிழ்த்தேன்.